பத்திரமாக வைத்திருந்ததால்

மழைக்காலம் என்று அவருக்குத் தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்க நனைகிற வேலை. பெட்ரோல் பங்கை ஒட்டிய வாட்டர் சர்வீஸில், இரும்புச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்திய வண்டிக்கு அடியில் நின்று, பம்ப்பிலிருந்து சீறி வரும் தண்ணீரால் சேற்றை அடித்துக் கழுவ வேண்டும். வண்டியின் அடிவயிற்றிலிருந்து கழன்று விழுகிற மண்ணும் கிரீஸும் முதலில் அவர் தலையில்தான் விழும். இருபத்தாறு வருஷத்தில் விரல் நுனி ரேகை தேய்ந்துபோய்விட்டது. கைரேகை கேட்கிற எந்த இயந்திரமும் அவரை ஓர் ஆள் என்று ஒப்புக்கொள்வதில்லை. "நான் போனா மட்டும் அது கண்ணை மூடிக்குது" என்பார்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பின்பக்க அறை அவர்களுடையது. மாடியில் நாங்கள். எல்லோருக்கும் அவர் வாட்டர் சர்வீஸ் அண்ணன். முதுகுக்குப் பின்னால் மட்டும் இன்னொரு பெயர் இருந்தது: லேமினேஷன்.

அந்தப் பெயர் வந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது. பத்தொன்பது வயதில் பேருந்துப் பணிமனையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேர்காணலுக்கு இன்னும் ஒரு வாரம். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வாட்டர் சர்வீஸில் சேர்ந்தார். தங்கியிருந்த அறையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று பள்ளிச் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் குழாயின் வாய் கழன்று தண்ணீர் நேராக நெஞ்சில் அடித்தது. முதலில் வண்டியின் கண்ணாடி உடைந்ததா என்றுதான் பார்த்தார். அப்புறம் பைக்குள் கையை விட்டார். பிசைந்த மாவு மாதிரி ஏதோ வந்தது. பணிமனையில் காகிதம் இல்லாத ஆளை உள்ளேயே விடவில்லை. ஒரு வாரத்துக்கு வந்த வேலை இன்றுவரை முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் கைக்கு வந்த காகிதம் எதுவும் காகிதமாக வீடு வந்து சேர்ந்ததில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, கண்ணாடி மாதிரி விறைப்பாக வாங்கிவந்துதான் மனைவியிடம் கொடுப்பார். கல்யாணப் போட்டோ, தடுப்பூசி அட்டை, மின்கட்டண ரசீது, மகள் முதன்முதலாக எழுதிய எழுத்துகள். ஒரு தடவை ஆஸ்பத்திரிச் சீட்டையும் அப்படிச் செய்துவிட்டார். அடுத்த முறை போனபோது டாக்டரின் பேனா அதில் வழுக்கிக்கொண்டு போனது. "இதுல எங்கய்யா நான் எழுதுறது? நெத்தியிலயா?" என்று டாக்டர் கத்தியதைத் தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவர் மனைவி துணி கம்பெனியில் செக்கிங் பிரிவு. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. மனைவியும் தன் பங்குக்குச் சொல்வார்: "நல்லவேளை, நம்ம கல்யாணத்தப்ப அந்த மெஷின் சின்னதா இருந்துச்சு. இல்லாட்டி என்னையும் உள்ள விட்டிருப்பாரு."

அந்தச் சீட்டைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதில் இருந்த எச்சரிக்கை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரே மகள். பள்ளி முடித்து வந்ததும் செக்கிங்கிலிருந்து அம்மா கொண்டுவரும் துண்டுத் துணிகளின் மேல் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். இயற்பியல் படிக்க வேண்டும், அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்தாள். நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து வந்து சொன்னாள். அவள் படித்த பள்ளியிலிருந்து அங்கே யாரும் போனதில்லை. தலைமையாசிரியரே, "அங்கயா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாராம்.

"நூறு பேர் விண்ணப்பம் போட்டா ரெண்டு பேருக்குத்தான் கிடைக்கும்ப்பா."

"அந்த ரெண்டு பேரும் இன்னார் வீட்டுப் பிள்ளைதான்னு போட்டிருக்கா?"

"அப்படிப் போட மாட்டாங்க."

"அப்ப நீ போடு."

"போடாமலே தெரியும்ப்பா. நம்ம மாதிரி வீட்லேருந்து போனவங்களை மட்டும் தனியா எண்ணினா நூத்துக்கு ரெண்டு வராது. அதைத்தான் யாரும் எண்ணிப் பார்க்கல."

"எண்ணலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? நீ போடும்மா. பின்னாடி எண்ணிக்குவாங்க."

நான் அப்போதே வெளிநாடு வந்துவிட்டிருந்தேன். என் அம்மா பள்ளி ஆசிரியை. அதனால் அண்ணனுக்கு நான் இன்றுவரை டீச்சர் பொண்ணுதான். வீட்டு மொழியிலும் அலுவலகங்களின் மொழியிலும் படித்தவள் என்பதால், கட்டடத்துக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்கிற வேலை சின்ன வயதிலிருந்தே என்னுடையது. தேர்வும் நேர்காணலும் முடிந்து, அவள் பெயர் பட்டியலில் வந்த அன்று, சேர்க்கை விதிகள் பத்தொன்பது பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினார். பெண்ணுக்கே அந்த மொழி நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏற்கெனவே கல்லூரிக்குப் போய்வந்த ஒருத்தி படித்துச் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி.

நான் வரிவரியாகச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ். மூன்றும் அசல். எனக்கு எதையும் ஒரு தடவை சொன்னால் மனசு ஆறாது. "அண்ணா, அசல் ரொம்ப முக்கியம். ஒரு கறை, ஒரு கசங்கல் இருக்கக் கூடாது. பத்திரமா வெச்சுக்கோங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, மறுபடியும் கூப்பிட்டு, அதையே சொன்னேன்.

"அதை நான் பாத்துக்கறேன்மா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற தெம்பு.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு மூன்று பேரும் போனார்கள். அவர் வேலை நாளில் உலர்ந்த சட்டையோடு தெருவில் நடந்ததே அன்றுதான். கூடத்தில் நீளமான வரிசை. முன்னால் நின்றவர்கள் கையில் பொத்தான் வைத்த ஃபைல்கள், அதற்குள் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் உறை. அவர் பையிலிருந்து மூன்று சான்றிதழ்களையும் எடுத்துக் கொடுத்தார். கவுன்ட்டரில் இருந்த அம்மா மேசையில் வைத்தபோது மூன்றும் தகரம் மாதிரி டக்கென்று சத்தம் போட்டன. அந்த அம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இப்படிப் பண்ணினது?"

"நான்தாங்க. நேத்துதான் போட்டேன். நல்ல கனமான தாள்."

"அசலோட பின்பக்கத்துல காலேஜ் முத்திரை குத்தி, அதிகாரி கையெழுத்துப் போடணும். பிளாஸ்டிக் மேல எப்படிங்க குத்துறது? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"கெட்டுப் போகக் கூடாதுன்னு."

"இப்பக் கெட்டுப் போச்சே."

கோபமாகச் சொல்லவில்லை, அந்த அம்மா. உள்ளதைச் சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தன் மகனிடம், "பாத்தியா, லேமினேட் பண்ணக் கூடாதுன்னு உங்க அண்ணன் சொன்னானா இல்லையா?" என்று கிசுகிசுத்தது மூவருக்கும் கேட்டது. நகல் சான்றிதழ் வாங்க மூன்று மாதம் ஆகும். மறுநாள் நான்கு மணிக்குள் அசல் சரியாக இல்லாவிட்டால், இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

அந்தப் பத்தொன்பது பக்கங்களை நான் பிறகு நான்கு தடவை படித்தேன். நான் விட்ட வரி எது என்று தேடினேன். அப்படி ஒரு வரியே அதில் இல்லை. எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. என் சான்றிதழ்கள் சாதாரண ஃபைலில் இருந்தன. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் அம்மா அப்படி வைத்திருந்தார், அவ்வளவுதான். இருபது வருஷம் அவர் வீட்டுக்கு மேலேயே குடியிருந்துவிட்டு, அவரிடம் பத்திரம், பத்திரம் என்று இரண்டு தடவை சொன்னவள் நான்.

திரும்பி வரும் பேருந்தில் மகள்தான் பேசினாள்.

"அப்பா, ஏதாவது பேசுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்கு."

"நீ தண்ணியில போட்டிருந்தாக்கூட காய வெச்சிருக்கலாம்மா."

அவளுடைய அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒட்டினதுதானே? சூட்டுல ஒட்டினது சூட்டுல பிரியும். காலர்ல உள்துணியைத் தப்பா ஒட்டிட்டா நாங்க தினம் பிரிக்கிறோம்."

என்னைக் கேட்டார்கள். நான் வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்றேன். வேறு வழி சொல்லு என்றார்கள். என்னிடம் இல்லை.

மறுநாள் காலை தேநீர் இடைவேளையில், துணி கம்பெனியின் அயர்ன் மேசையில் அது நடந்தது. நடந்ததை மூவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றும் ஒத்துப்போகின்றன. மேனேஜர் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். அயர்ன் மாஸ்டர் மட்டும் நகரவில்லை. "அக்கா, இது சட்டை இல்ல. கருகினா ரிஜெக்ட்னு மூலையில தூக்கிப் போட முடியாது."

"தெரியும். நீங்க சூட்டை மட்டும் சரியா வைங்க." கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு அப்படி நில்லுங்க. உங்க விரல்ல எப்பவும் ஈரம்." அவர் தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒத்திகை. துணியைப் போட்டு மேலே சூடு வைத்து, ஓரத்தைக் கத்தரியால் கீறி, அம்மா மெதுவாக இழுத்தார். பிளாஸ்டிக் வந்தது. கூடவே எழுத்தும் வந்துவிட்டது. "டாக்டர் எழுத்து. எந்தப் பக்கத்துலேருந்து பார்த்தாலும் புரியாதுங்கறது ஒரு சௌகரியம்" என்றார் மாஸ்டர். யாரும் சிரிக்கவில்லை. அம்மா அந்தப் பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முகத்தைத் தொட வேண்டாம். அவங்களுக்கு வேண்டியது முதுகுதான். முதுகை மட்டும் உரிப்போம்."

பிறப்புச் சான்றிதழின் பின்பக்கம் சுத்தமாக வந்தது. மாற்றுச் சான்றிதழ் கொஞ்சம் பொசுபொசுவென்று ஆனாலும் கிழியவில்லை. மதிப்பெண் சான்றிதழ் மெல்லிய தாள். முக்கால்வாசி வந்துவிட்டது. கீழ் மூலையில், தேர்வு வாரியத்தின் அழுத்த முத்திரை இருந்த இடத்தில், காகிதம் இரண்டு படலமாகப் பிரிந்து, பாதி முத்திரை பிளாஸ்டிக்கோடு போனது. அம்மாவின் கை அப்படியே நின்றது. தினம் ஆயிரம் சட்டையில் ஒரு நூல்கூடத் தவறாக வெட்டாத கை.

"விடும்மா" என்றாள் மகள். "பாக்கியை எடு. பதினோரு மணி பஸ் போயிடும்."

கவுன்ட்டர் அம்மா மூன்றையும் உள்ளே எடுத்துப்போய், ஓர் அதிகாரியோடு திரும்பி வந்தார். அதிகாரி பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"யார் உரிச்சது?"

"நான்தாங்க" என்றார் அம்மா.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பிசிறு வெட்டுற வேலை."

அதிகாரி முத்திரைக் கட்டையை இழுத்துவைத்துக்கொண்டார். இரண்டு சான்றிதழில் முத்திரை விழுந்தது. மூன்றாவதைத் தனியாக வைத்தார். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'தற்காலிகம்' என்று எழுதினார். தொண்ணூறு நாளைக்குள் வாரியத்திலிருந்து நகல் சான்றிதழ் வர வேண்டும். வராவிட்டால் அவள் படித்த நாட்கள் படிக்காத நாட்களாகிவிடும். அடையாள அட்டைக்குப் பதிலாக ஒரு மஞ்சள் சீட்டுக் கொடுத்தார்கள்.

வாரியத்தின் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: அசல் தொலைந்ததற்கான அல்லது சேதமடைந்ததற்கான காரணம். தொலைந்தது, திருட்டு, தீ, தண்ணீர், வேறு காரணம் என்று ஐந்து கட்டங்கள். வாசலில் விண்ணப்பம் எழுதித் தருகிற ஆள், "தண்ணின்னு போடுங்க. பாதிப் பேர் அதைத்தான் போடறாங்க. கேள்வியே வராது" என்றாராம். அண்ணன் எனக்குப் போன் செய்தார். எனக்கும் பயம்தான். வேறு காரணம் என்று போட்டால் யார் மேசையில் போய் எத்தனை நாள் தூங்குமோ. "தண்ணின்னே போட்டுடுங்க அண்ணா" என்றேன்.

பம்ப் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது.

"கிழிஞ்சதையும் கூட வெச்சுத்தாம்மா குடுக்கணும். பாக்கறவனுக்குத் தண்ணி பட்டதா, சூடு பட்டதான்னு தெரியாதா? பொய்யின்னு பிடிச்சா அந்த மஞ்சள் சீட்டும் போயிடும்." குரலைத் தணித்துக்கொண்டார். "அதுவும் இல்லாம, தண்ணி மேல ஒரு தடவை பழி போட்டாச்சு. அன்னிக்கு நேர்காணல் போனப்பவும், தண்ணி அழிச்சிடுச்சு சார்னுதான் சொன்னேன். சட்டைப் பையில வெச்சவன் நான்தானே. இருபத்தாறு வருஷமா அதுதான் சோறு போடுது. மறுபடியும் அது மேலயே போடச் சொல்றியா?"

ஐந்தாவது கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் அவரே தன் கையெழுத்தில் எழுதினார்: பத்திரமாக வைத்திருந்ததால்.

விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மகள் அரைப் பக்கம் எழுதிப் பதில் போட்டாள். அதற்குள் முப்பது நாள் போய்விட்டது. அவள் தினமும் மஞ்சள் சீட்டைக் காட்டி வாசலைத் தாண்டினாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட உட்கார்கிறவளிடம் ஊர், பேர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. இருப்போமா என்று தெரிந்த பிறகு கேட்கலாம் என்று இருந்தாளாம். சீட்டு கசங்கி, மடிப்பில் பிரிய ஆரம்பித்தது. அவர் ஒவ்வொரு காலையும் அதைப் பார்ப்பார். தொடமாட்டார்.

எழுபத்து நான்காம் நாள் வாரியத்திலிருந்து தபால் வந்தது. அன்று சரியான மழை. கட்டடத்தின் முன் வாசலில் கணுக்கால் ஆழம் தண்ணீர். உறையைப் பிரிக்காமல் மனைவியிடமே கொடுத்தார். "நீயும் அவளும் போங்க. நான் வரல. என் கை சரியில்ல." அம்மா அதைக் கம்பெனியின் சட்டை உறை ஒன்றில் போட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அவர் வேலைக்குப் போனார். மழை நாளில் யார் வண்டி கழுவ வருவார்கள்? ஆனாலும் ஒரு பள்ளிப் பேருந்து சேற்றில் குளித்துவிட்டு வந்திருந்தது. அடியில் நின்று சக்கர வளைவுகளை அடித்துக்கொண்டிருந்தபோது, கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய போன் அடித்தது. பம்ப்பை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். உறையோடு காதில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, போட்டுட்டாங்க. முத்திரை போட்டுட்டாங்க. சிவப்பு எழுத்தை அடிச்சிட்டாங்க. கேக்குதா?"

"கேக்குது."

"என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

வண்டியின் அடியிலிருந்து தலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் நகரவில்லை.

"மை காயட்டும்மா" என்றார். "காயற வரைக்கும் எதையும் போட்டு மூடாதே."